வெண்கலம் குழறிய மத்தியானம்

ஊருக்கு வாரி இறைத்துவிட்டு வீட்டுக்கு மட்டும் கையை விரிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குரல் விஷயத்தில் அப்படி ஒரு கஞ்சனைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் வெண்கலத்தாரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

பெரிய பஸ் ஸ்டாண்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்வது அவர் உத்தியோகம். ராஜாங்கம் ஒன்றும் நடத்தவில்லை. "காலேஜ் வழியாகச் செல்லும் வண்டி மூன்றாவது மேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது." இதையே வண்டிப் பெயரை மாற்றி மாற்றி இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கணீரென்று சொல்வார், அதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். எவனோ ஒரு கண்டக்டர் 'வெண்கலத் தொண்டை' என்று பேர் வைத்தான். அது சுருங்கி வெண்கலம் ஆயிற்று. மனுஷனுக்குத் தலையில் கொம்பு முளைத்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் அந்தத் தொண்டைக்கு நடந்த உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. கோடை வெயிலிலும் கழுத்தில் துண்டு. காலையும் மாலையும் உப்பு வெந்நீர்க் கொப்பளிப்பு. ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை தொண்டையை வறட்டுகிறதாம், அது டப்பாவிலேயே கிடந்தது. இதெல்லாம் போகட்டும் என்று விடலாம். வீட்டில் அவர் வாயே திறக்கமாட்டார் என்பதுதான் விஷயம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அந்தக் கணக்காகக் குரலை அளந்து வைத்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் டம்ளரை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் சாப்பாடு. மூன்று தட்டு என்றால், வாயை மூடு. மூன்று தட்டுதான் அந்த வீட்டில் அதிகமாகக் கேட்டது.

"அப்பாகிட்டப் பேசணும்னா டிக்கெட் எடுத்துட்டு வண்டி ஏறணும் போலம்மா" என்று மகள் ஒருநாள் சொன்னாள். சொன்ன மாதிரியே கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒரு வண்டி ஏறிப் போனவள்தான். அவள் போன வண்டியையும் அப்பாதான் மைக்கில் சொன்னார், மற்ற வண்டிகளுக்குச் சொல்கிற அதே தொனியில்.

மிச்சம் இருந்தது பெண்டாட்டி. பஸ் ஸ்டாண்டின் பின்சுவரை ஒட்டி வீடு. ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பாவாடைகளுக்கு மடிப்பு வைத்து ஓரம் அடிப்பாள். விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி நேராக அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஆகவே கட்டினவளுக்கு நேரில் கிடைக்காத குரல், வழிப்போக்கர்களோடு வழிப்போக்கராகக் காற்றில் கிடைத்தது. அவளும் கேட்டாள். தினமும், வண்டிக்கு வண்டி கேட்டாள். சளி பிடித்திருக்கிறதா, பசியா, மேனேஜரிடம் திட்டு வாங்கினாரா, எல்லாம் அந்தக் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் உதட்டைச் சுழிப்பாள். "ஆமா, பெரிய அசரீரி" என்று பெடலை மிதிப்பாள். இருபது வருஷம் மிதித்தால் இரும்பே தேயும்போது, பிரியம் எந்த மூலைக்கு?

போன வாரம் ஒரு சம்பவம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வலது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. எடுக்கப் போனார், விரல் மடங்கவில்லை. வாயின் ஒரு ஓரம் லேசாகத் தொங்கியது. அவள் பதறிப்போய்ப் பக்கத்தில் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. கை மடங்கியது, வாய் நேரானது.

"ஏங்க, இது நல்லதுக்கில்லைங்க. அத்தைக்கும் முதல்ல இப்படித்தான் வந்து வந்து போச்சு. வாங்க, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுவோம்."

டம்ளரில் மூன்று தட்டு.

அத்தை என்றால் அவருடைய அம்மா. அந்த அம்மாளுக்குப் பக்கவாதம் வந்தபோது, பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும், இவரும் பஸ் ஸ்டாண்டிலேயே டிக்கெட் கொடுக்கிற இவர் தம்பியும், "அசதி, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று போர்வையைப் போர்த்திப் படுக்கவைத்தார்கள். மறுநாள் தூக்கிக்கொண்டு போனபோது நர்ஸ் அவர்களை வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். "சிரிக்கச் சொன்னா வாய் கோணுதா பாருங்க. ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒண்ணு இறங்குதா பாருங்க. பேச்சு குழறுதா பாருங்க. ஒண்ணு இருந்தாலும் அடுத்த நிமிஷம் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணணும். போர்வை எதுக்குய்யா, பொணத்துக்கா?" அண்ணனும் தம்பியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். மருமகள் மட்டும் மனசில் வாங்கிக்கொண்டாள்.

ஆனால் மூன்று தட்டு விழுந்ததும் அவளுக்கும் வந்தது பாருங்கள் ஒரு ஆங்காரம். "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். மில் சங்கு ஊதியது. வழக்கம்போல மில் வண்டி இரண்டாவது மேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது என்று வெண்கலம் முழங்கியது. அவள் பாவாடைத் துணியைத் திருப்பிப் போட்டாள். அரைமணி கழித்துக் காலேஜ் வண்டி.

"காலேழ்... வழ்யாச் செல்லும் வண்ழி..."

பெடலை மிதித்த கால் ஒரு கணம் நின்றது. என்ன இது? வாயில் எதையாவது அடக்கிக்கொண்டு பேசுகிறாரா? அப்புறம் அவளுக்கு என்ன தோன்றியது தெரியுமா? சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தாள். கொப்பளித்த உப்புத் தண்ணீரெல்லாம் என்ன ஆச்சு? சுற்றிய துண்டெல்லாம் எங்கே போச்சு? ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா! ஊரே கேட்கட்டும், ஊரே சிரிக்கட்டும் என்று மறுபடி மிதித்தாள்.

அடுத்தது மார்க்கெட் வண்டி. இன்னும் மோசம். மேடை எண் எது என்றே புரியவில்லை. ஒலிபெருக்கியில் 'டொக் டொக்' என்று மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. யாரோ ஊதினார்கள். அவள் ஓரம் அடித்துக்கொண்டே இருந்தாள். உள்ளே எங்கேயோ ஒரு முள் குத்தத்தான் செய்தது. அசிங்கப்படட்டும், ஒருநாள் அசிங்கப்பட்டால் குறைந்தா போய்விடுவார் என்று அந்த முள்ளையும் சேர்த்து மிதித்தாள். வேண்டுமென்றுதான் உட்கார்ந்திருந்தாள். அதை மழுப்புவதற்கில்லை.

அங்கே கூண்டில் நடந்ததைக் கேளுங்கள், வயிறு எரியும். ஒரு மனுஷனுக்கு நாக்கு குழறுகிறது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜனம், அத்தனை காது. ஒருத்தருக்காவது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்ற வேண்டுமே? மேனேஜர் ஓடிவந்து ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தார். "சவுண்டு கொழகொழன்னு வருதே, ஒயர்மேனைக் கூப்பிடு" என்றார். ஒயர்மேன் வந்து பெட்டியைத் திறந்து, ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினான். மைக்கை மாற்றினார்கள். நோயாளி பக்கத்திலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்க, பெட்டிக்கு வைத்தியம் நடந்தது. வெண்கலத்தாரும் லேசுப்பட்டவரா? தன் குரலில் கோளாறு வரும் என்று அவர் ஒத்துக்கொள்வாரா? இடது கையால் மைக்கைத்தான் சுட்டிக் காட்டினாராம், அதுதான் சரியில்லை என்று.

புது மைக்கைப் பிடித்து ஒயர்மேன் பேசினான். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு."

ஜன்னலோரம் அது துல்லியமாகக் கேட்டது. ஒயர்மேனுக்கு மூக்கடைப்பு என்பதுகூடத் தெரிந்தது. உடனே அதே மைக்கில் வெண்கலம் வந்தது. சொற்களே இல்லை, வெறும் குழகுழ.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மைக்கில் ஒன்றுமில்லை. கோளாறு வாயில்தான். அடுத்த பாவாடையை ஊசி குத்தினபடியே விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினாள்.

கூண்டுக்குள் அவள் நுழைந்தபோது கொழுந்தன், டிக்கெட் கொடுக்கிற அந்தத் தம்பி, அண்ணன் வாயில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அது கடைவாயில் வழிந்து துண்டை நனைத்துக்கொண்டிருந்தது.

"எடு அதை! புரையேறிச் சாகடிக்கவா பார்க்கிறே?"

"தொண்டை கட்டிருக்கு அண்ணி. கொஞ்சம் படுத்து எழுந்தா..."

"இன்னொரு தடவை படுத்து எழுந்தான்னு சொன்னே, நாக்கை அறுத்துடுவேன். பெத்த தாயைப் படுக்கவெச்சது பத்தலையா உனக்கு?" அவள் புருஷன் எதிரில் மண்டியிட்டாள். "ஏங்க, என்னைப் பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெண்கலத்தார் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தார். அதுவும் பாதிதான் சிரித்தார். வலது பக்கம் அப்படியே தொங்கிக் கிடந்தது. கைகளைத் தூக்கச் சொன்னாள். இடது எழுந்தது, வலது மடியை விட்டு நகரவில்லை.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க சார்!"

மேனேஜர் யோசித்தார். யோசிக்கிற முகமா அது! "ஆம்புலன்ஸ் எதுக்கும்மா, ஆஸ்பத்திரி வழியா நம்ம வண்டி ஒண்ணு போகும். அதுலயே முன் சீட்டுல உக்கார வெச்சு..." எந்த வண்டி, எந்த டிரைவர், யார் பொறுப்பு என்று அதற்கும் ஒரு பேச்சு ஆரம்பமாயிற்று. ஊர் கூடினால் தேர் நகரும் என்பார்கள். இந்த ஊர் கூடினால் முட்டுக்கட்டைதான் நகரும். அவளே ஒயர்மேன் கையிலிருந்த போனைப் பிடுங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். "பக்கவாதம், பேச்சு குழறுது, ஒரு கை தூக்க முடியலை" என்று மூன்றே வாக்கியத்தில் விவரம் சொன்னாள். அப்புறம் மைக்கை எடுத்தாள். "வாசல்ல நிக்கிற வண்டியெல்லாம் எடுங்க! ஆம்புலன்ஸ் உள்ள வரணும்! எடுங்கய்யா!" அந்த ஒலிபெருக்கியில் அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. தயாராக உள்ளது, சரிபார்த்துக்கொள்ளவும் என்ற மரியாதையெல்லாம் அதில் இல்லை. வண்டிகள் நகர்ந்தன.

ஆஸ்பத்திரியில் உடனே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா கையில் படத்தோடு வேகமாக வந்தாள்.

"ரத்தக் கசிவு இல்லை. அடைப்புதான். ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி இருக்கு. கடைசியா இவர் நல்லா இருந்தது எப்போ? யாருக்குத் தெரியும்?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "காலையில டூட்டிக்கு வரும்போதே ஒரு மாதிரிதான் இருந்தார் டாக்டர். வீட்டுல ஏதோ பிரச்சினை போலன்னு நாங்க நினைச்சோம்."

அடப்பாவி! பெட்டியை நோண்டிக்கொண்டிருந்த கதை வெளியே வந்துவிடுமே என்று பழியைத் தூக்கி வீட்டு வாசலில் போட்டான் பாருங்கள். டாக்டரம்மா கொழுந்தனைப் பார்த்தாள். அவன் மேனேஜரைப் பார்த்தான். கூடப்பிறந்த அண்ணன் பக்கத்துக் கட்டிலில் வாய் கோணிக் கிடக்கிறான். இவன் மேலதிகாரி முகம் கோணக்கூடாது என்று பார்க்கிறான். "ஆமா டாக்டர், காலையிலேருந்தே" என்று தலையாட்டினான்.

"காலையிலேருந்தேன்னா நேரம் தாண்டிடுச்சும்மா" என்று டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினாள். "ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள அந்த ஊசி போடணும். தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஆளே போயிடலாம். நேரம் தெரியாம நான் ஊசியைத் தொட முடியாது."

அவள் கட்டிலைப் பார்த்தாள். அவருக்கு நாக்குதான் செத்திருந்தது, காது சாகவில்லை. இரண்டு கண்ணும் அவள் முகத்திலேயே இருந்தன. சொன்னால் அந்த மனுஷனுக்குக் குரல் திரும்பலாம். ஆனால் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அவர் காதுபடச் சொல்ல வேண்டும்.

"காலையில இல்லை டாக்டர். இவங்க புளுகுறாங்க. மில் வண்டிக்குச் சொன்னப்போ கணீர்னு சொன்னார். அதுக்கு அடுத்த வண்டி, காலேஜ் வண்டி. அதுக்குத்தான் முதல்ல குழறிச்சு."

"நீங்க கூட இருந்தீங்களா?"

"வீட்டுல இருந்தேன். ஒலிபெருக்கி எங்க ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கு."

"நிச்சயமாத் தெரியுமா? தப்பாச் சொன்னீங்கன்னா இவர் உயிருக்கே ஆபத்து. குழறினது கேட்டுதுன்னா அப்பவே ஏன் ஓடி வரலை?"

அந்தக் கேள்விதான். அதற்கு எந்த வாய் பதில் சொல்லும்? அவள் வாய் சொன்னது.

"வேணும்னுதான் வரலை. அசிங்கப்படட்டும்னு சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதனாலதான் எந்த வண்டின்னு இவ்வளவு நிச்சயமாச் சொல்றேன்."

டாக்டரம்மா கொழுந்தனிடம் திரும்பி, "மில் வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். அவன் மறுபடி மேனேஜர் பக்கம் திரும்பப் பார்த்தான். அண்ணி அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பன்னிரண்டு மணிக்கு டாக்டர். சங்கு ஊதினதும் கிளம்பிடும். அண்ணி சொல்றதுதான் சரி. அதுவரைக்கும் அண்ணன் நல்லாத்தான் இருந்தார்" என்றான். கட்டில் சக்கரங்கள் உடனே உருண்டன.

ஊசி வேலை செய்தது. முழுக்க இல்லை என்றாலும் செய்தது. கை மெல்ல எழுந்தது, வாய் மெல்ல நேரானது. நாக்கு மட்டும் தடுக்கித் தடுக்கி வந்தது. மேனேஜர் ஆப்பிளோடு பார்க்க வந்து, தான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதாக அடுத்த கட்டில்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். வெட்கம் கெட்டவனுக்கு ஊரெல்லாம் சொந்தம்.

"பேசவெச்சுக்கிட்டே இருங்க. எவ்வளவு பேசுறாரோ அவ்வளவு தேறும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் பூட்டி வைத்ததை இனி வீட்டில்தான் செலவழித்தாக வேண்டுமாம்.

மறுநாள் சாயங்காலம் கட்டில் பக்கத்து மேஜையில் டம்ளர் இருந்தது. வெண்கலத்தார் இடது கையை நீட்டி அதில் ஒரு தட்டுத் தட்டினார். அவள் அசையவில்லை. இன்னொரு தட்டு. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேத்து... கேட்டுக்கிட்டே... இருந்தியா?"

தண்ணீருக்குப் பதிலாக அதுதான் வந்தது. வரும் என்று அவளுக்குத் தெரியும். ஊசி போட்ட நேரத்திலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"ஆமா. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு பாவாடை முழுக்க ஓரம் அடிச்சு முடிச்சேன், போதுமா?"

திட்டுவார் என்று பார்த்தாள். திட்டட்டும், பேச்சுதானே, தேறட்டும். அவர் திட்டவில்லை. நெற்றியைச் சுருக்கி எதையோ கூட்டிக் கழித்தார். நாக்கைப் புரட்டிப் புரட்டி ஒரு வார்த்தையைத் தேடினார்.

"தெ... தினமுமா?"

வந்தது கோபமா, அழுகையா, கர்மம், எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

"பின்னே? உங்க குரலை நான் வேற எங்கே போய்க் கேக்குறது?"

அவர் விரல் மறுபடி டம்ளர் பக்கம் போனது. பாதியில் நின்றது. கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, எச்சில் ஒழுக, ஒவ்வோர் எழுத்தாக, "தண்ணி குடு" என்றார்.